தொட்டி மூடியின் மேல் நாற்காலி போட்டேன், அண்ணா

எந்த ஷிஃப்டில் இருந்தாலும் நான் கூப்பிட்டால் உடனே ஃபோனை எடுக்கிற என் சேகர் அண்ணாவுக்கு,

மஞ்சு எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. வீட்டில் உன் பேச்சை எடுத்தால் அம்மா அழுகிறாள். அண்ணி எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே உனக்கு எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். முக்கியமாகச் சில பேர் கட்டாயம் படிக்கட்டும்.

முதல் செய்தி, நான் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். அதே ஷூ கம்பெனிதான். மேல்தோல் தைக்கிற லைன், முழுக்கப் பெண்கள். மாதனூர் பஸ்ஸில் ஏறுகிற பாதிப் பேர் இப்போது என் லைன்தான். நீ இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பாய். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேலியும் செய்திருப்பாய். "சூப்பர்வைசர்னா இன்னா தெரியுமாடி? மேல இருக்கறவன் கத்தறதைக் கீழ இருக்கறவங்களுக்குக் கத்தாம சொல்றவன். அவ்ளோதான்" என்பாயே. தோல் ஷாப்பில் உன் வேலை என்ன என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வாய். நாங்களும் சிரிப்போம்.

அந்த வேலைக்கு வந்தபிறகு எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை, அண்ணா.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் உன்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. எங்கள் அண்ணன் சேகர், ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளிப் பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற தொழிற்சாலையில், சூப்பர்வைசர். பச்சைத் தோலைக் கழுவி, சுண்ணாம்பில் போட்டு, முடியெடுக்கிற பகுதி அவர் பொறுப்பு. வேலை முடிந்து வந்ததும் தெருக்குழாயிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டார். அவ்வளவு சாதாரணமான ஆள்.

நீ போன அன்று நடந்ததை எனக்குச் சொன்னது ஏழுமலை. உன்னோடு தோல் சுற்றுகிற டிரம்மை ஓட்டிக்கொண்டிருந்தவன். காரியம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று சொன்னான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

கழிவுநீர் சேர்கிற தொட்டியில் சேறு அடைத்து மோட்டார் இழுக்கவில்லையாம். மறுநாள் யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று மேனேஜர் ஃபோன் செய்தாராம். நீ, "சார், உறிஞ்சற லாரியை வரச் சொல்லிடலாம்" என்று சொன்னாயாம். "லாரி இன்னிக்கு வராது. ஆளை எறக்கு. இன்னிக்கே முடிச்சுடு" என்று ஸ்பீக்கரில் பதில் வந்ததாம். ஃபோனை வைத்த பிறகும் நீ கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாயாம். அப்புறம்தான் உன் பகுதியில் வேலை பார்த்த மாணிக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறாய்.

மாணிக்கம் அதற்கு முன்பும் இறங்கியவர்தான். ஒன்றும் ஆனதில்லை. அதுதான் தைரியம். அன்றைக்கு அவர் மண்வெட்டியால் சேற்றைக் கலக்கினதும் அடியிலிருந்து விஷக்காற்று கிளம்பியிருக்கிறது. சத்தமே இல்லாமல் விழுந்துவிட்டாராம். நீ அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கிவிட்டாய். "மாணிக்கண்ணன் தோள்ல கைய வெச்சாரு, அக்கா. தூக்கப் பாத்தாரு. அப்புறம் அசதியில உக்கார்ற மாதிரி அப்படியே உக்காந்துட்டாரு" என்றான் ஏழுமலை. உன் பின்னால் அவனும் ஏணியில் கால் வைத்திருக்கிறான். ரெண்டு பேர் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதனால்தான் அவன் எங்கள் வாசலில் நிற்க முடிந்தது.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ரெண்டு கதை ஊரில் சுற்றியது. தோல் ஷாப் சொன்ன கதையில், சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் ஆளை இறக்கிவிட்டார், தானும் அஜாக்கிரதையாக இறங்கிவிட்டார். உன் தோஸ்துகள் தெருமுனையில் வைத்த பேனரில் நீ உயிர் கொடுத்த உத்தமன். பேனரில் நீ வெள்ளைச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு ரெண்டையும் கிழித்துப்போட வேண்டும் போல இருந்தது. ஒரு கதையில் நீ குற்றவாளி, இன்னொன்றில் நீ சாமி. ரெண்டிலுமே ஃபோனில் பேசினவர் இல்லை. கவனித்தாயா?

உன் காரியத்தன்று மாணிக்கத்தின் மனைவி கோவிந்தம்மா வந்தாள். அவளே பொட்டில்லாத நெற்றியோடு வந்திருந்தாள். பந்தியில் உட்காரவில்லை. நேராக அண்ணியிடம் போய், "என் வூட்டுக்காரரை எறங்கச் சொன்னது உன் வூட்டுக்காரரா?" என்று கேட்டாள். மாமா குறுக்கே வந்து ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். அண்ணி அவரை நகரச் சொல்லிவிட்டு, "ஆமா. அவருதான் சொன்னாரு. அப்புறம் உன் வூட்டுக்காரரைத் தூக்கறதுக்கு அவரே எறங்கினாரு. ரெண்டும் நெஜம்" என்றாள். கோவிந்தம்மா அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணியும் உட்கார்ந்தாள். இன்றைக்கும் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய்வருகிறார்கள்.

எனக்குத்தான் அந்த நிதானம் வரவில்லை. உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவரை ஏன் இறக்கினாய்? சரி, இறக்கினாய், நீ ஏன் இறங்கினாய்? வீட்டில் மூணு பெண்கள் இருக்கிறோம் என்பது அந்த ஏணியில் கால் வைக்கும்போது உனக்கு ஞாபகம் வரவில்லையா? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டேதான் தினமும் பஸ் ஏறினேன்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனியில் மேனேஜர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி என்று அறிவித்தார்கள். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள் போல. கேன்டீனில் மேஜைகளை ஓரமாக ஒதுக்கி நாற்காலி போட்டார்கள். முதல் வரிசையில் மேனேஜர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. காலையில் எல்லா மேனேஜர்களும் வந்தார்கள். பெரிய மேனேஜர், "உயிர்தான் முக்கியம், உற்பத்தி அப்புறம்தான்" என்று பேசினார். கைதட்டினோம். ஃபோட்டோ எடுத்தார்கள். அப்புறம் ஷிப்மென்ட் இருக்கிறது என்று எல்லா மேனேஜர்களும் எழுந்து போய்விட்டார்கள். மெத்தை நாற்காலிகள் மட்டும் வரிசையாக இருந்தன. பின்னால் நாங்கள்.

பயிற்சி கொடுக்க வந்தவர் பெயர் டேனியல். ராணிப்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தவராம், உன் வயசுதான் இருக்கும். நல்லவிதமாகவே சொல்லிக்கொடுத்தார். ஊசி விரலில் ஏறாமல் இருக்க வைக்கிற தடுப்பு, பசை டின் பக்கத்தில் ஏன் வெல்டிங் கூடாது, தீ வந்தால் எந்தக் கதவு, அந்தக் கதவுக்கு முன்னால் ஏன் அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது. நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் கட்டிங் பகுதி சூப்பர்வைசர் நஸீமா. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

அப்புறம் திரையில் ஒரு படம் வந்தது. ஒரு தொட்டி. அதற்குள் ரெண்டு உருவம் விழுந்து கிடக்கிறது.

"இது எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். இதே பாலாத்தங்கரைதான்" என்றார் டேனியல். "ஒரு சூப்பர்வைசர். மொதல்ல யோசிக்காம ஆளை எறக்கினாரு. அப்புறம் யோசிக்காம தானும் எறங்கினாரு. ரெண்டு தப்பு, ரெண்டு உயிர்."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். பின்வரிசையில் ஒருத்தர், "அறிவில்லாத ஆளா இருப்பான் போல" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன், அண்ணா. எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"சார், அவர் பேரு சேகர். எங்க அண்ணன்" என்றேன்.

டேனியல் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியாது" என்றார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் சார். நீங்க சொன்னது பொய் இல்ல. அவருதான் எறக்கினாரு, அவரும் எறங்கினாரு. ஆனா உங்க படத்துல ஒரு ஆளு கம்மியா இருக்காரு."

"யாரும்மா?"

"ஃபோன்ல இருந்தவரு. லாரி கேட்டப்போ, ஆளை எறக்கு, இன்னிக்கே முடிச்சுடுன்னு சொன்னவரு. அவரு படத்துல எங்க சார்?"

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். ஏதோ புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எனக்குக் குடுத்த விவரத்துல அவரு இல்லம்மா" என்றார்.

"இங்கயும் இல்ல சார்" என்று முதல் வரிசையைக் காட்டினேன்.

அவர் நல்ல மனிதர், அண்ணா. வேறு யாராக இருந்தாலும் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார். இவர் லேப்டாப்பை மூடினார். "நானும் காலையிலயே சொன்னேன், மேனேஜருங்க இருந்தாகணும்னு. ஷிப்மென்ட்டுன்னுட்டாங்க. இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

"எங்களுக்கும் இல்ல சார். அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே உக்கார்றேன். லைனுக்கும் போவல, சாப்பிடவும் போவல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நஸீமா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பேஜார் ஆவாத மஞ்சு. நானும் உக்கார்றேன்" என்றாள். அப்புறம் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நானும் எங்கயும் போவல" என்றாள். 'அறிவில்லாத ஆள்' என்று சொன்னவர் எழுந்து வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் போட்டு உட்கார்ந்தார். பிரியாணிப் பொட்டலங்கள் வந்து மேஜை மேல் ஆறிக்கொண்டிருந்தன. ஒருத்தரும் பிரிக்கவில்லை.

உற்பத்தி மேனேஜர் முரளி சார் வேகமாக வந்தார். உனக்கு அவரைத் தெரியாது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், எப்போதும் அவசரத்திலேயே இருக்கிறவர்.

"இன்னாம்மா இது, ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சார், டிரெய்னிங். உங்களுக்கும் சேத்து."

"எனக்குத் தெரியாத சேஃப்டியா? யாருக்கு யார் கத்துக் குடுக்கறது?"

அப்போது என் வாயிலிருந்து வந்ததை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "சார், தப்பான வேலையை யாராவது சொன்னா முடியாதுன்னு சொல்லணும்னு இவரு எங்களுக்குக் கத்துக் குடுக்கறாரு. நாங்க முடியாதுன்னு சொன்னா அதைக் காது குடுத்துக் கேக்கறதுக்கு உங்களுக்கு யாரு சார் கத்துக் குடுப்பாங்க?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். அதனாலதான் உக்காந்திருக்கேன்."

அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எந்த லைனிலும் சூப்பர்வைசர் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வெளியே போனார். திரும்பி வரும்போது பெரிய மேனேஜரும் மற்ற மேனேஜர்களும் கூட வந்தார்கள். மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பெரிய மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாவிட்டால் என்ன? உட்கார்ந்தார் இல்லையா?

டேனியல் அதே படத்தைத் திரும்பவும் போட்டார். போட்டுவிட்டு, "போன தடவை இதுல ஒரு ஆளை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

கம்பெனிக்குப் பின்னால் தண்ணீர் இல்லாத பழைய தொட்டி ஒன்று உண்டு. சாயங்காலம் எல்லோரையும் அங்கே கூட்டிப்போனார். கோணிப்பையில் துணிக்கழிவு அடைத்து, சட்டை பேன்ட் மாட்டி ஓர் ஆள் செய்து வைத்திருந்தார். "இவன் சுத்தம் பண்ண எறங்கறான். பாத்துட்டே இருங்க" என்றார். அவருடைய உதவியாள் கயிற்றை விட்டார். தடாலென்று கோணிப்பை மனிதன் அடியில் விழுந்தான். அந்த உதவியாள், "ஐயோ, விழுந்துட்டான்! காப்பாத்துங்க!" என்று கத்தினார்.

என் கால் நகரவில்லை. எனக்குத் தெரிந்த சத்தம் அது. நான் கேட்காத சத்தம், ஆனால் தினமும் கேட்கிற சத்தம். நஸீமா ஓடினாள். காலையிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாம் கேட்டவள், ஓடிவிட்டாள். அவளுக்கு முன்னால் ஓடினது முரளி சார். ஷூவோடு ஏணியில் கால் வைத்து ரெண்டு படி இறங்கிவிட்டார்.

"சார்" என்றார் டேனியல். குரலை உயர்த்தவில்லை. "நீங்க செத்துட்டீங்க." அப்புறம் நஸீமா பக்கம் திரும்பி, "அக்கா, அடுத்தது நீங்க" என்றார்.

முரளி சார் ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கோணிப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பொம்மை என்று தெரியும். தெரிந்தும் இறங்கினார். மேலே ஏறி வந்தவர் என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில்தான், அண்ணா, நீ ஏன் இறங்கினாய் என்கிற கோபம் எனக்குப் போனது. கண்ணெதிரில் ஒரு மனுஷன் விழுந்தால் கால் தானாக ஓடுகிறது. ஓடாமல் நிற்கத்தான் பழக வேண்டியிருக்கிறது. உனக்கு அதை யாரும் பழக்கவில்லை. மாணிக்கத்தை இறக்கினாயே, அந்தக் கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. அது இருக்கட்டும். அது எனக்குத் தேவைப்படுகிறது.

அதற்குப் பிறகு டேனியல் செய்து காட்டினார். மூடியைத் திறந்ததும் கருவியை விட்டு உள்ளே என்ன காற்று இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூக்கை நம்பக் கூடாது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். வேறு வழியே இல்லாமல் யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே நல்ல காற்று ஊதி, இறங்குகிறவர் உடம்பில் வாரைக் கட்டி, தொட்டி வாய்க்கு மேல் நிறுத்துகிற மூன்றுகால் தாங்கியில் கயிற்றை மாட்டிய பிறகுதான் இறங்க வேண்டும். அந்த வாரைக் கோணிப்பை மனிதனுக்குக் கட்டித் திரும்பவும் விழ வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் கயிற்றை இழுக்கிற கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். அவன் மெதுவாக மேலே வந்துவிட்டான். யாரும் இறங்கவில்லை.

இவ்வளவுதானா, அண்ணா? இவ்வளவுதான் வேண்டியிருந்ததா? வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மாதனூர் வரும்வரை அழுதேன். நஸீமா தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்தாள்.

பயிற்சி முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. அதைச் சோதிக்கிற நாள் சீக்கிரமே வந்தது.

மழைக்குப் பிறகு கேன்டீன் பின்னாலிருக்கிற கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் மேலே வர ஆரம்பித்துவிட்டது. மறுநாள் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். முரளி சார் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தார். பெரிய மேனேஜர் என் ஃபோனுக்கே பேசினார். "முரளி இல்ல, நீ பாத்துக்கோம்மா. கான்ட்ராக்டர் ஆளு அனுப்பியிருக்கான். இன்னிக்கே முடிச்சுடு."

அதே வார்த்தை, அண்ணா. ஒரு எழுத்து மாறவில்லை.

"சார், உறிஞ்சற லாரி…" என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் நாளைக்குத்தான் கிடைக்குமாம்" என்று வைத்துவிட்டார். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ நின்ற மாதிரிதான் நின்றிருப்பேன்.

பின்பக்கம் போனால் சோளிங்கர் பக்கத்திலிருந்து வந்த ரெண்டு பேர். ஒருத்தர் லுங்கியை மடித்துக் கட்டி, மூடியை நெம்பக் கடப்பாரையோடு தயாராக நின்றார்.

"எறங்க வேணாம்ண்ணா" என்றேன்.

"அஞ்சு நிமிஷ வேலைதான், அக்கா. தெனம் எறங்கறதுதான். ஒண்ணும் ஆவாது."

"வேணாம்."

"பெரிய சாரே சொல்லிட்டாருக்கா. நீ இன்னா குறுக்க?"

அவரிடம் என்னத்தைப் பேசுவது? கேன்டீனிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து அந்த மூடியின் மேல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடப்பாரைக்காரர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். விஷயம் பரவி ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் தெரிந்தன. உள்ளுக்குள் பயம்தான். வேலை போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தோன்றியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

முரளி சாருக்கு ஃபோன் போட்டேன். ரயில் சத்தம் கேட்டது. "அரக்கோணம் தாண்டிட்டேன், இன்னா சொல்லு" என்றார். சொன்னேன். எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

"எழுந்திரிக்காத" என்றார். "யாரு வந்து சொன்னாலும் எழுந்திரிக்காத. நான் அவர்கிட்ட பேசறேன்."

என்ன பேசினாரோ தெரியாது. கான்ட்ராக்டர் ஆட்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டான். லாரி மறுநாள் மத்தியானம்தான் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் கம்பெனியைச் சுற்றிப்பார்த்தார்கள். லாரிக் குழாயைப் பிடிக்கிற வேலைக்குக் கடப்பாரைக்காரரையே வரவழைத்தேன். முந்தின நாள் கூலி போன கோபத்தில் அவர் என்னோடு பேசவே இல்லை. பேசாவிட்டால் பரவாயில்லை. வேலை முடிந்து பீடி பற்றவைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போனார். அவர் நடந்து போவதை கேட் வரைக்கும் நின்று பார்த்தேன்.

பெரிய மேனேஜர் என்னையும் முரளி சாரையும் அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனி மானம் போய்விட்டதாம். "இனிமே நீ தனியா முடிவெடுக்கக் கூடாது" என்றார் என்னைப் பார்த்து. "அடுத்த தடவையும் அங்கதான் சார் உக்காருவேன்" என்றேன். முரளி சார் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஊர்ல இருந்தா நானும் உக்காருவேன் சார்" என்றார். எனக்கு அடுத்த பதவி கிடைக்காது என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். கிடைக்காமல் போகட்டும்.

கடைசிச் செய்தி இது. இதற்காகத்தான் இன்றைக்கு எழுதவே உட்கார்ந்தேன்.

டேனியல் ஃபோன் செய்தார். நீ வேலை பார்த்த அதே தோல் ஷாப்பில் அடுத்த வாரம் மேனேஜர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி. முதலாளியிலிருந்து எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும் என்று இந்தத் தடவை முன்கூட்டியே பேசிவிட்டாராம். என்னைப் பேச வரச் சொல்கிறார். ஆனால் உன் பேரையும் மாணிக்கத்தின் பேரையும் சொல்லக் கூடாது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் உன் ஃபோட்டோவுக்கு மாலை போட்டு ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கலாமாம்.

அண்ணியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன், போகவில்லை. "நானும் வர்றேன். கோவிந்தம்மாவையும் கூட்டினு போலாம்" என்றாள். கோவிந்தம்மாவிடம் கேட்டோம். "முன்னாடி உக்கார எடம் குடுப்பாங்களா?" என்றுதான் அவள் கேட்டாள். குடுக்க வைப்போம் என்றேன்.

அண்ணா, மாலை போட விட மாட்டேன். மௌனமாகவும் நிற்க மாட்டோம். உன் பேரைச் சொல்லி, மாணிக்கத்தின் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். நீ செய்ததை மறைக்க மாட்டேன். உன்னைச் செய்யச் சொன்னவரையும் மறைக்க மாட்டேன். அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். பாதியில் எழுந்து போனால் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருப்பேன். எனக்கு அது பழகிவிட்டது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உனக்குப் பின் பிறந்தவள், உன் வேலைக்கே வந்து சேர்ந்தவள்,
உன் தங்கை மஞ்சு